நாலு நம்பருக்கு ஒரே பில்

ஜன்னல் சீட்டுல நீங்களே இருங்க அண்ணாச்சி, நான் இந்தப் பக்கம் இருந்துக்கிடுதேன். எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பை உங்களுக்கு இடிக்கலியே? உள்ள பூராவும் காயிதம்தான். பில்லு, புகார் மனு, அதுக்குக் கம்பெனிக்காரன் போட்ட பதில், எல்லாம் தேதிவாரியா கோத்து வச்சிருக்கேன். சங்கரன்கோவில்தானே போறீய? நானும் அங்கனதான்.

உங்க போன் போஸ்ட்பெய்டா, பிரிபெய்டா? தப்பா நெனைக்காதீய, சும்மா கேக்கேன். இல்ல, சும்மா கேக்கல. காலையில இருந்து மனசு ஒரு நெலையில இல்ல. பாளையங்கோட்டையில போன் கம்பெனி ஆபீஸ்ல என் அப்பீலுக்கு இன்னைக்கு விசாரணை. முடிச்சுட்டுதான் வாரேன். கம்பெனி பேரு வேண்டாம், சொன்னா இந்த பஸ்ல பாதிப் பேரு என்னைத்தான் திரும்பிப் பாப்பாங்க.

விஷயம் இதுதான். எங்க வீட்டுல நாலு பேரு. நான், என் வீட்டுக்காரி பிரமு, மக காந்திமதி, மகன் சங்கரு. நாலு பேருக்கும் நாலு நம்பரு, எல்லாம் ஒரே குடும்ப பிளான்ல. பில் ஒண்ணே ஒண்ணு, என் பேருக்கு வரும். எட்டு வருஷமா அப்பிடித்தான் ஓடுச்சு. இப்ப கம்பெனிக்காரன் மூணு நம்பரைப் பிரிச்சுட்டான். மூணையும் கேக்கல நான். ஒரே ஒரு நம்பரை மட்டும் திருப்பி என் பில்லுல சேருன்னு கேக்கேன். பிரமு நம்பரு. அதுக்குத்தான் இந்த அலைச்சல்.

நான் ஆவுடையப்பன். பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதுத்தாப்புல முப்பத்தி நாலு வருஷம் மேசை போட்டு இருந்தேன். நீங்க வீடு, நெலம் ஏதாவது வாங்குனவரா இருந்தா என் கையெழுத்து உங்க பீரோவுல கெடக்கும். எழுதுனா ஒரு எழுத்து தப்பாது. ‘ஆவுடையப்பன் எழுதுனா வக்கீலுக்கு வேலை இல்ல’ன்னு ரிஜிஸ்தரே சொல்லுவாரு. அவரு வேற ஊருக்கு மாத்தலாயிப் போயிட்டாரு, இருந்தா கேட்டுப் பாக்கலாம்.

அதனால எதையும் படிச்சுப் பாக்காம விடமாட்டேன். பில்லையும்தான். மெயில்ல அனுப்புதோம்னு கம்பெனிக்காரன் சொன்னான். எனக்குக் காயிதம்தான் வேணும், வெவரத்தோட வேணும்னு எழுதிக் குடுத்து வாங்குனேன். கேட்டா குடுக்கணும், நம்ம உரிமை அது. மாசம் நாலாந்தேதி வந்துரும். எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம், எல்லாம் இருக்கும். செவப்பு பேனா எடுத்து உக்காந்தா ஒரு வரி விடாம டிக் அடிப்பேன்.

"ஏளா பிரமு, பன்னெண்டாந்தேதி மத்தியானம் காந்திகிட்ட நாப்பத்தோரு நிமிஷம் என்ன பேச்சு?"ன்னு கேப்பேன்.

"சும்மாதான்"னு சொல்லுவா.

"சும்மா பேசதுக்கு நாப்பத்தோரு நிமிஷமா? அன்னைக்கு ரசத்துல உப்பே இல்ல. இப்பல்லா வெவரம் தெரியுது"ன்னு சிரிப்பேன். அவ சிரிக்கமாட்டா. அவ கொஞ்சம் அப்பிடி, தமாசு புரியாது.

சங்கரு பெங்களூர்ல இருக்கான். ஒரு மாசம் ஒரே நம்பருக்கு எழுபது தடவை பேசியிருந்தான். நான் அந்த நம்பருக்கு அடிச்சு யாருன்னு கேட்டேன். ஒரு பொம்பளைப் பிள்ளை எடுத்துச்சு. நல்ல மரியாதையாத்தான் கேட்டேன், என்ன ஊரு, என்ன ஆளுகன்னு. அதுக்குப் பொறவு அவன் எவ்வளவோ நாள் பேசல. குடும்பம்னா ஒருத்தர் காரியம் ஒருத்தருக்குத் தெரியணும், என்ன சொல்லுதீய? ஒளிவு மறைவு கூடாது. என் நம்பரையும்தான் நான் டிக் அடிப்பேன். அதுல பேச்சு ஒண்ணும் இருக்காது, அது வேற விஷயம்.

டிக்கெட்டு வாங்கிட்டீயளா? கண்டக்டர் வாராரு. ஒரு சங்கரன்கோவில், தம்பி.

பிரமு இப்ப எங்க இருக்கான்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீய. கோயம்புத்தூர்ல, காந்தி வீட்டுல. காந்திக்கு ரெண்டாவது பிள்ளை பெறந்தப்ப தொணைக்குப் போனா. மூணு மாசம்னு சொல்லிட்டுப் போனா, இப்ப ரெண்டு வருஷம் ஆவுது. அந்த ஊர்த் தண்ணி அவளுக்குப் பிடிச்சுப் போச்சு. சிறுவாணித் தண்ணில்லா! ஒரு தடவை குடிச்சா வேற தண்ணி எறங்காதுன்னு சொல்லுதாங்க. மொத பத்து மாசம் நான் அடிச்சா எடுத்து "ம்"னு கேட்டுக்கிடுவா. பதினாலு மாசமா எடுக்கதில்ல. மூணாவது மாடி, டவர் கெடைக்காது போல.

ஆனா பில் வருதுல்லா. காலையில ஆறே முக்காலுக்கு ஒரு நம்பருக்குப் பேசுதா, ஒரே நிமிஷம். யாருன்னு அடிச்சுப் பாத்தேன், பூக்காரம்மா. அப்ப பூ வாங்கி வைக்கான்னு அர்த்தம். இங்க இருக்கையில வைக்கவே மாட்டா. வெள்ளிக்கெழமைன்னா சாயங்காலம் தென்காசியில அவ தங்கச்சிக்கு, அரை மணி நேரம். எல்லாம் பில்லுல வந்துரும். பில் வந்த அன்னைக்கே நான் எல்லாத்தையும் படிச்சுர மாட்டேன் அண்ணாச்சி. ஒரு நாளைக்கு ஒரு தேதி. அவ ஒண்ணாந்தேதி பேசுனதை இன்னைக்குப் படிச்சா, ரெண்டாந்தேதியை நாளைக்குத்தான். படிச்சுட்டு மடிச்சு வச்சுருவேன். அப்பிடியே மாசம் ஓடிரும், அடுத்த பில் வந்துரும்.

போன மார்கழி பில்லுல நாலு தேதி காலியா கெடந்துச்சு. பூக்காரம்மாவும் இல்ல, தங்கச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடுத்த வரியைப் பாத்தா தெரிஞ்சுரும். பாக்கல நான். பயம். நாலு நாளும் சோறு எறங்கல. அஞ்சாம் நாளு பாத்தா ஒரு ஆஸ்பத்திரி நம்பரு, ரெண்டு நிமிஷம். ஆறாம் நாளு பூக்காரம்மா. அப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு. காய்ச்சலா இருந்திருக்கும். ரசம் வச்சுக் குடுக்க ஆளு இருந்துச்சோ என்னமோ.

மானூர் வந்துட்டா? இன்னும் இல்லியா. சரி.

இப்பிடிப் போயிட்டு இருக்கையில சித்திரை மாசம் ஒரு மெசேஜு. ‘தங்களது பழைய குடும்ப பிளான் நிறுத்தப்படுகிறது, தாங்கள் புதிய பிளானுக்குத் தானாகவே மேம்படுத்தப்படுவீர்கள், நடவடிக்கை ஏதும் தேவையில்லை.’ எனக்கு உச்சந்தலைக்கு ஏறிட்டு. நீ பாட்டுக்கு என் ஒப்பந்தத்தை மாத்திட்டு, நடவடிக்கை தேவையில்லைன்னு எனக்கே சொல்லுதியா? ஒரு செண்டு நெலம் கை மாறணும்னாகூட வாரிசு அத்தனை பேரும் வந்து கைநாட்டு வைக்கணும். வெளிநாட்டுல ஒரு வாரிசு இருந்தா அவனுக்காகக் காத்துக் கெடக்கணும். நாலு பேரு பேசுத பிளானை ஒரு மெசேஜுல மாத்துவானாம்!

இதுல வேடிக்கை என்னன்னா, புதுப் பிளான் பழசை விட நல்லாத்தான் இருந்துச்சு. பேசாம இருந்திருந்தா நாலு நம்பரும் அப்பிடியே அலுங்காம மாறியிருக்கும். டீக்கடைக்காரன்கூடச் சொன்னான், "அண்ணாச்சி, நல்லதுதானே குடுக்கான், வாங்கிட்டுப் போங்களேன்"னு. நல்லதா கெட்டதாங்கது ரெண்டாவது, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?

எழுதுனேன் மனு, மூணு பக்கம். முக்கியமான இடத்தைச் சொல்லுதேன் கேளுங்க, மனப்பாடம் எனக்கு. ‘மேற்படி நான்கு எண்களின் பயனாளிகள் ஒவ்வொருவரும் தத்தம் சுய நினைவுடனும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும், தங்கள் சொந்த விருப்பத்தைத் தனித்தனியே தெரிவித்தாலொழிய மேற்படி மாற்றம் செல்லத்தக்கதல்ல.’ எப்பிடி இருக்கு? எந்தக் கொம்பனும் இதுல ஓட்டை கண்டுபிடிக்க முடியாது.

கஸ்டமர் கேர்ல புகார் நம்பர் வாங்குனேன், பொறவு மேல அதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபால். நாப்பது நாள் ஆச்சு. ஜெயிச்சேன் அண்ணாச்சி! இந்தா பாருங்க, அந்தப் பதிலை லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். ‘தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. பயனாளிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, அவரவர் விருப்பம் கேட்டுப் பதிவு செய்யப்படும்.’ அன்னைக்கு டீக்கடையில எல்லாருக்கும் நான்தான் வடை வாங்கிக் குடுத்தேன். பிரமுகிட்ட சொல்லணும்னு அடிச்சேன். டவர் இல்ல.

பத்து நாள்ல முடிவு வந்துச்சு.

சங்கரு அவங்க கூப்பிட்ட அன்னைக்கே வேற கம்பெனிக்கு மாறிட்டான். அதை நான் பெருசா எடுத்துக்கிடல, ஆபீஸ்ல போன் குடுத்திருப்பாங்க. காந்தியும் தனியா வேணும்னு சொல்லிட்டா. அவளுக்கு எம்மேல ஒரு சின்ன வருத்தம். ஒண்ணுமில்ல, வீட்டைச் சங்கரு பேருக்கு மாத்தையில அவகிட்ட விடுதலைப் பத்திரம் ஒண்ணு எழுதி வாங்குனேன். சொத்துல எனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கதுதான் அது, எல்லா வீட்டுலயும் பொம்பளைப் பிள்ளைகள்ட்ட வாங்குததுதான். நானே எழுதுனேன், வெளிய யாரு இவ்வளவு சுத்தமா எழுதுவா? ‘சுய நினைவுடனும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும்’னு அதுலயும் போட்டிருக்கேன். ரிஜிஸ்தர் "சம்மதம்தானாம்மா"ன்னு கேட்டாரு. அவ என்னைப் பாத்தா. நான், "சம்மதம்தான், சார்"னு சொன்னேன். கையெழுத்துப் போட்டா, முடிஞ்சு போச்சு. பிரமு வாசல்ல வேப்பமரத்தடியில நின்னா, உள்ளயே வரல. வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடுத்தா. ஒண்ணும் சொல்லல. சொன்னாத்தானே நமக்குத் தெரியும்?

மூணாவது பிரமு நம்பரு. அதுக்கு நேரயும் ‘தனி இணைப்பு கோரப்பட்டது’ன்னு போட்டிருந்தான். இதைத்தான் நான் ஒத்துக்கிடல. ஒத்துக்கிட்டா என்ன ஆகும் சொல்லுங்க, அந்த நம்பர் வெவரம் என் பில்லுல வராது. அவ இருக்காளா, எந்திரிச்சாளா, காய்ச்சலா, ஒண்ணும் தெரியாது எனக்கு. அதோட, பிரமு அப்பிடிக் கேக்க ஆளே கெடையாது. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவ, ஒரு சேலைகூட இது வேணும்னு கேட்டதில்ல. இவன் போன் பண்ணதும் தனி இணைப்பு கேட்டுட்டாளாம்! தப்பா பதிஞ்சிருக்கான், இல்லைன்னா ஆள் மாறாட்டம். அதான் அப்பீல்.

இது மானூர்தான். பாத்து, அந்தம்மாவுக்கு எறங்க வழி விடுவோம்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், விசாரணை. அதிகாரி ஒரு பொம்பளை, மேசையில ஸ்டெல்லான்னு பேர்ப்பலகை. நல்ல மாதிரிதான், தண்ணியெல்லாம் குடுத்தா. "சார், உங்க மனைவி தெளிவா சொல்லியிருக்காங்க. நம்பரும் அவங்க ஆதார்ல இருக்கு. நாங்க ஒண்ணும் செய்ய முடியாது"ன்னா.

"பதிவைப் போடுங்க. கேட்டுட்டு நான் சொல்லுதேன், அது அவ கொரலான்னு."

"அது அவங்க பேசினது சார். உங்களுக்குப் போட்டுக் காட்ட முடியாது."

"ஆதாரத்தைக் காட்டாம தீர்ப்பு சொல்லுதது எந்த ஊரு நியாயம்மா? ஆள் மாறாட்டம்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். கொரலை அடையாளம் சொல்ல என்னை விட்டா யாரு இருக்கா?"

ஒன்றரை மணி நேரம் எந்திரிக்கவே இல்ல நான். பின்னால வரிசை நிக்கி. கடைசியில அந்த அதிகாரி எந்திரிச்சுக் கதவைச் சாத்திட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பி வச்சுப் போட்டா.

அவ கொரல்தான் அண்ணாச்சி.

"அலோ"ன்னுதான் சொன்னா. நான் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டேன். பதினாலு மாசம் ஆச்சுல்லா. கம்பெனிப் பிள்ளை பேரைக் கேக்கு, சொல்லுதா. பிளான் வெவரம் எல்லாம் சொல்லுது, "சரி தாயி, சரி தாயி"ன்னு கேட்டுக்கிடுதா. குடும்ப பிளான்லயே தொடரணுமா, தனியா வேணுமாங்கு. "தனியா குடுத்துரு தாயி"ங்கா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அப்ப அந்தப் பிள்ளை கேக்கு, "அம்மா, இதை யாரோட வற்புறுத்தலும் இல்லாம, உங்க சொந்த விருப்பத்துல சொல்றீங்களா?"ன்னு. என் வாசகம் அண்ணாச்சி! நான் மனுவுல எழுதுனது! அதை அப்பிடியே எடுத்துப் போட்டுக் கேக்காங்க.

அதுக்கு பிரமு சிரிச்சா. வாய் விட்டு இல்ல, லேசா. "ஆமா தாயி, என் விருப்பந்தான். இத்தனை வயசுக்கு இன்னைக்குத்தான் ஒருத்தி கேக்கா"ன்னா.

பொறவு இவளே ஒரு கேள்வி கேக்கா. "இனிமே பில்லு சங்கரன்கோவிலுக்குப் போகுமா?"

"போகாதும்மா."

"அப்ப சரி"ன்னுட்டு வச்சுட்டா.

ஏன் கேட்டான்னு நெனைக்கீய? நான் பஸ்ஸுல ஏறுத வரைக்கும் யோசிச்சேன். எனக்கு செலவு வைக்க வேண்டாம்னு நெனைச்சிருப்பா. எப்பவும் அவளுக்கு என் கவலைதான். இல்லைன்னா காந்தி பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திருக்கணும். பின்னால குக்கர் விசில் ரெண்டு கேட்டுச்சு, அப்ப அடுப்படியில ஆளு இருந்திருக்குல்லா? அதையும் அந்த அதிகாரிகிட்ட எடுத்துச் சொன்னேன். "சார், குக்கரை அவங்களே வச்சிருக்கலாமே"ங்கா. ஆமா, வச்சிருக்கலாம்.

இன்னொருக்கா போடச் சொன்னேன். சரியா கேக்கலைன்னு சொன்னேன். போட்டா. மூணாவதும் போடச் சொன்னேன், குக்கர் விசிலை உறுதி பண்ணணும்னு. போட்டா பாவம். நாலாவது கேக்கையில, "சார், உங்களுக்கு நல்லாவே கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டு கம்ப்யூட்டரை அந்தப் பக்கம் திருப்பிட்டா. "நீங்க நேர்ல போயி அவங்களைப் பாக்கலாமே சார்"ன்னும் சொன்னா.

நீங்களும் அதைத்தான் சொல்ல வாரீய. மூஞ்சியிலயே தெரியுது. தேவர்குளம் தாண்டுததுக்குள்ள எல்லாரும் இதைத்தான் சொல்லுவீய. கோயம்புத்தூருக்கு ராத்திரி பஸ்ஸு இருக்கு, தெரியாதா எனக்கு? ஒரு தடவை ரிசர்வ்கூட பண்ணுனேன். பண்ணிட்டு, வாரேன்னு சொல்ல அடிச்சேன். டவர் இல்ல. சொல்லாம கொள்ளாமப் போயி எப்பிடி கதவைத் தட்ட? தட்டுனா தொறக்கணும்லா. தொறக்கலைன்னா மூணு மாடி நான் எப்பிடி எறங்கி வருவேன்?

அதெல்லாம் வேண்டாம். நான் சட்டப்படியே போறேன். அடுத்தது நுகர்வோர் கோர்ட்டு. திங்கக்கெழமை மனு தாக்கல் பண்ணுதேன், பஸ்ஸுல ஏறுனதுமே தலைப்பு யோசிச்சுட்டேன். ஜெயிப்பேனான்னு கேக்கீய. ஜெயிக்கமாட்டேன். முப்பத்தி நாலு வருஷம் பத்திரம் எழுதுனவனுக்கு எது நிக்கும் எது நிக்காதுன்னு தெரியாதா? அவ சொந்த விருப்பம்னு அவ வாயாலயே சொல்லிட்டா, அதை எந்த ஜட்ஜும் தள்ள முடியாது. நானே ஜட்ஜா இருந்தாலும் தள்ளமாட்டேன்.

ஆனா கேஸுன்னு ஆயிட்டா, கம்பெனிக்காரன் அந்தப் பதிவை ஆதாரமா தாக்கல் பண்ணியே ஆகணும். கோர்ட்டுல தாக்கல் ஆயிட்டா, அதுல நகல் வேணும்னு வாதி மனு போடலாம். யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. அவ பேசுனது, அந்தச் சிரிப்பு, எல்லாத்தையும் கோர்ட்டு முத்திரை வச்சு என் பேருக்கே தருவாங்க, அண்ணாச்சி.